டெல்டா மருத்துவமனையில் மருத்துவர்களுக்குத் துணை நிற்பது எப்படி? ஆலோசகர், ரயில் ஓட்டுநர், சமூகப் பணியாளரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் முழுமையான வழிகாட்டி

மனநல ஆலோசகர் இருபது ஆண்டு அனுபவம் பெற்ற பிறகும், இன்னொரு ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசுவார். எந்த நோயாளியிடம் எரிச்சல் வருகிறது, யாருடைய முகம் வீட்டுக்கு வந்த பிறகும் விடாமல் துரத்துகிறது என்று வெளிப்படையாகச் சொல்வார். இதற்கு மேற்பார்வை என்று பெயர். பிரிட்டனின் ஆலோசகர், உளசிகிச்சையாளர் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு இதை மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. சமூகப் பணியாளருக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. மாயவரம், தஞ்சாவூர் வழியாக ரயில் ஓட்டும் லோகோ பைலட் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பணி செய்து தன் தலைமையிடத்துக்குத் திரும்பினால், 16 மணி நேர ஓய்வு அவருக்கு விதியில் எழுதப்பட்ட உரிமை.

தாலுகா மருத்துவமனையில் 24 மணி நேர டூட்டி முடித்து, காலையில் ஓ.பி.யையும் பார்த்துவிட்டு பைக்கில் வீடு திரும்பும் மருத்துவருக்கு இதில் எதுவும் கிடையாது. பி.ஜி. படிப்பு முடிந்த நாளோடு அவர் வேலை அவர் மனதை என்ன செய்கிறது என்று கேட்க ஆளே இல்லாமல் போகிறது. நாம் ஏற்பாடு செய்வதெல்லாம் மருத்துவர் தினத்தன்று ஒரு யோகா வகுப்பு. அதுவும் டூட்டி முடிந்த பிறகு.

மேலே சொன்ன பணிகளில் ஊழியரின் நலன் வேலை நேரத்துக்குள், ரோஸ்டர் என்னும் டூட்டிப் பட்டியலில், கையெழுத்தோடு நடக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதை நம் மருத்துவமனைக்குள் கொண்டுவருவதற்கானது. 15 முதல் 40 மருத்துவர்கள் வரை உள்ள தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, நடுத்தரத் தனியார் மருத்துவமனை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எப்போது தொடங்குவது

டெல்டாவில் நோய்க்கும் பருவம் உண்டு. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சல் வார்டு நிரம்பி வழியும். டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் அப்போதுதான். புயல் வந்தால் ஊழியர்களின் வீடும் சேர்ந்தே பாதிக்கப்படும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா அதைக் காட்டியது. தை, மாசியில் சம்பா அறுவடை, கூடவே பாம்புக்கடி. நாகை மாவட்டத்தில் ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா டூட்டி.

ஆகவே மார்ச்சில் தொடங்குங்கள். மழைக்கு முன் ஆறேழு மாதம் கிடைக்கும். பழக்கம் ஊறிவிட்டால் மழைக்காலத்தைத் தாங்கும். அக்டோபரில் ஆர்வத்தோடு தொடங்கிய குழு தீபாவளிக்குள் நின்றுவிடும். ஆள் இல்லை, நேரம் இல்லை என்பதோடு முடிந்துபோகும். ஒரு முறை நின்ற ஏற்பாட்டை மறுபடி எழுப்புவது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

முதல் படி: நிலவரத்தை அளப்பது

இரண்டு விஷயங்களை அளக்க வேண்டும். ஒன்று, நான்கு வாரத்து டூட்டிப் பதிவேடு. ஒவ்வொருவரும் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் பணியில் இருந்தார், இரண்டு டூட்டிக்கு இடையே எத்தனை மணி நேரம் கிடைத்தது, டூட்டி முடிந்த பிறகு எத்தனை முறை போனில் கூப்பிட்டார்கள். மூன்றாவது எண்ணை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும்போதும் வார்டிலேயே இருப்பதுபோல் ஆக்குவது அதுதான்.

இரண்டாவது, பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்லாமல், சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவாக வகைப்படுத்தியது. குறை வேலையின் அமைப்பில் என்று பொருள்படும் அந்த வகைப்பாட்டை நிர்வாகத்திடம் பேசும்போது எடுத்துச் சொல்லலாம். அளக்க டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் வினாநிரல் போதும். கட்டணம் இல்லை. 19 கேள்விகள்: பொதுவான சோர்வு பற்றி 6, வேலை பற்றி 7, நோயாளிகளோடு பழகுவது பற்றி 6. ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என்று மதிப்பு கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். 50ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய சோர்வு.

கெடுவது இங்கேதான். கண்காணிப்பாளர் அறையில் வைத்து நிரப்பச் சொன்னால் எல்லோரும் 25 என்று போடுவார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஒரு துறையில் இருப்பதே மூன்று பேர் என்றால் யார் என்று தெரிந்துவிடும். அதனால் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் தனியாக வெளியிடாதீர்கள். தாள்களை எண்ணிக் கூட்டுபவர் மருத்துவமனைக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஓய்வை ரோஸ்டரில் எழுதுவது

இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள். தூக்கமில்லாத மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசச் சொல்வது அவருடைய மீதித் தூக்கத்தையும் பறிப்பதாகும்.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. லோகோ பைலட்டை வண்டி ஏறும் முன் ஊதச் சொல்லும் ரயில்வே, அவர் ஓய்வு நேரத்தையும் கணக்குப் பார்ப்பதன் காரணம் இதுதான். மருத்துவத்திலும் எழுத்தளவில் வரம்பு உண்டு. மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்களுக்கான 1992 ரெசிடென்சி திட்டம் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்று உச்ச வரம்பைப் பரிந்துரைத்தது.

ஆள் பற்றாக்குறையோடு செய்யக்கூடியவை இவை:

இரவு டூட்டி முடிந்தவருக்கு மறுநாள் ஓ.பி. கிடையாது. ரோஸ்டரில் அவர் பெயருக்கு நேரே "ஓய்வு" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்கள். முழு நாள் முடியாத இடத்தில் காலை ஒன்பதுக்கு மேல் அவரைத் தொடக்கூடாது என்ற விதியாவது வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே 20 நிமிடத் தூக்கம் ஒன்று. 30 நிமிடத்தைத் தாண்டினால் எழுந்ததும் தலை கனத்து, கால் மணி நேரம் முடிவெடுக்கத் தடுமாறும். அலாரம் வைத்து, செவிலியரிடம் சொல்லிவிட்டுப் படுப்பது நல்லது. பெரிய ரயில் சந்திப்புகளில் ஓட்டுநர்களுக்கு ரன்னிங் ரூம் இருக்கிறது. கட்டில், கொசுவலை, சூடான சாப்பாடு எல்லாம் அங்கே கிடைக்கும். நம் டூட்டி அறையில் தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, பெண் மருத்துவருக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், கொசுவலை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கால்வாயும் வயலும் சூழ்ந்த மருத்துவமனைகளில் கொசுவலை இல்லாத அறையில் யாரும் தூங்க முடியாது.

டூட்டி முடிந்து கண் சொக்கினால் வண்டி எடுக்க விடாதீர்கள். ஒன்றரை மணி நேரம் அங்கேயே படுத்துவிட்டுப் போகட்டும். மன்னார்குடியில் வேலை, தஞ்சாவூரில் குடும்பம் என்று தினமும் ஓடுபவர்களுக்கு இது உயிர் காக்கும் விதி.

கடைசியாக, டூட்டி மாற்றிக் கொடுக்கும் முறை. வீட்டுக்குப் போனவரை ஐந்து முறை போனில் எழுப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், கொடுத்துவிட்டுப் போனது சரியாக இல்லை என்பதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து வரி சொல்லுங்கள்: எவ்வளவு மோசம், சுருக்கமான விவரம், செய்ய வேண்டியது, நிலைமை மாறினால் என்ன செய்வது, கடைசியாக வாங்கிக்கொள்பவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் முடிவுகள் வந்தன.

மூன்றாம் படி: பேசும் குழு

இந்த வழிகாட்டியில் மிக நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஆலோசகர்களின் மேற்பார்வை முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் உளப்பகுப்பாய்வாளர்களான மைக்கேல் பாலின்ட்டும் எனிட் பாலின்ட்டும். 1950களில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் குடும்ப மருத்துவர்களை உட்காரவைத்துத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் பாலின்ட் குழு என்றே அழைக்கிறார்கள்.

அமைப்பு: ஆறு முதல் பத்து மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 75 நிமிடம். நாளும் நேரமும் மாறக்கூடாது. ஓ.பி. முடிந்து பிற்பகல் 2 மணி பெரும்பாலான அரசு மருத்துவமனைகளுக்கு ஒத்துவரும். அந்த நேரத்துக்கு வார்டைப் பார்க்க ஒரு மருத்துவரைப் பெயர் போட்டு நியமியுங்கள். அடுத்த முறை அவர் உள்ளே வருவார், இன்னொருவர் வெளியே நிற்பார். நடத்துபவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவராகவோ உளவியலாளராகவோ, தஞ்சை, திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். குழுவில் யாருக்கும் அவர் மேலதிகாரியாக இருக்கக்கூடாது. கண்காணிப்பாளரும் துறைத் தலைவரும் இந்த அறைக்குள் வரக்கூடாது. அவர்களுக்குத் தேவையானால் பக்கத்து மாவட்டத்து சகாக்களோடு தனிக் குழு வைக்கலாம்.

நடக்கும் முறை: முதல் ஐந்து நிமிடம் ஒருவர் தன் மனதை விடாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். கேஸ் ஷீட் கையில் இருக்கக்கூடாது. நினைவில் எது நிற்கிறதோ அதுதான் பேச வேண்டியது. அடுத்த ஐந்து நிமிடம் உண்மை விவரங்களைப் பற்றி மட்டும் கேள்வி. பிறகு சொன்னவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு மௌனமாகிவிடுவார். அடுத்த 35 நிமிடம் மற்றவர்கள் பேசுவார்கள்: அந்த நோயாளி என்ன உணர்ந்திருப்பார், அந்த மருத்துவர் என்ன உணர்ந்திருப்பார், அவர்களுக்கிடையே என்ன நடந்தது. அதன் பின் சொன்னவர் திரும்பி வந்து, விரும்பினால் பேசலாம். மீதி நேரம் இன்னொருவரின் கதைக்கு, அல்லது போன முறை பேசியதன் தொடர்ச்சிக்கு.

எதைப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு, இந்தப் பகுதி மருத்துவர்கள் சுமக்கும் ஒரு சூழ்நிலை. பாராகுவாட் களைக்கொல்லி குடித்த இளைஞர் வருகிறார். முதல் நாள் தெளிவாகப் பேசுகிறார், அம்மாவிடம் சாப்பாடு கேட்கிறார். குடும்பம் பிழைத்துவிட்டான் என்று நம்புகிறது. மாற்று மருந்து கிடையாது, சிறுநீரகமும் நுரையீரலும் வரும் நாட்களில் கைவிடக்கூடும் என்பது மருத்துவருக்குத் தெரியும். தினமும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் ரவுண்ட்ஸ் போக வேண்டும். இதில் மருத்துவ ரீதியாக விவாதிக்க அதிகம் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் மருத்துவரை ஆண்டுக்கணக்கில் விடாது. அதைச் சொல்லவும், "எனக்கும் அந்த வார்டுக்குள்ள போகவே கால் வராது சார்" என்று இன்னொருவர் சொல்லக் கேட்கவும்தான் இந்த அறை.

கெடும் விதங்கள் நான்கு. மிகச் சாதாரணமானது, பேச்சு கேஸ் விவாதமாக மாறுவது. "அட்ரோபின் எவ்வளவு போட்டீங்க?" என்று ஒருவர் தொடங்கினால் நடத்துபவர் மென்மையாக நிறுத்தி, நோயாளியிடம் திருப்ப வேண்டும். நமக்குப் பழகிய பேச்சு அது என்பதால் முதல் நான்கைந்து கூட்டங்களில் இது நடந்தே தீரும்; பதற வேண்டாம். அடுத்தது அறிவுரை: "நீங்க இதெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது மேடம்" என்று மூத்தவர் ஒருவர் முடித்துவைத்துவிடுவார். அதன் பின் அந்த மேடம் வாய் திறக்க மாட்டார். மூன்றாவது, வெளியே கசிவது. அறைக்குள் பேசியது வாட்ஸாப்பில் வரக்கூடாது, எழுத்தில் பதிவும் கூடாது. வந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள். நான்காவது, போன். வெளியே நிற்பவரிடம் எல்லாப் போனையும் கொடுத்துவிடுங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு டீயும் ஏதாவது ஒரு பலகாரமும் இருக்கட்டும். பேசிய கையோடு நேரே வார்டுக்குள் ஓடாமல் பத்து நிமிடம் ஆற அது உதவும்.

மருத்துவக் கல்லூரி அளவில் பெரிதாகச் செய்ய விரும்பினால் ஸ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் உண்டு. 1995இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஸ்வார்ட்ஸின் பெயரால் அமைந்தது. மருத்துவர், செவிலியர், லேப் ஊழியர், துப்புரவுப் பணியாளர் என எல்லோரும் ஒரே அரங்கில் ஒரு மணி நேரம் கூடுவார்கள். மூன்று பேர் சில நிமிடங்கள் பேசிய பின் மற்றவர்கள் பேசுவார்கள். மாதம் ஒன்று போதும். சிறிய மருத்துவமனைக்குப் பாலின்ட் குழுவே ஏற்றது.

நான்காம் படி: மோசமான சம்பவம் நடந்த அன்று

பிரசவத்தில் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறக்கிறார். பாம்பு கடித்த பையனை மந்திரித்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள். சிகிச்சையில் ஒரு பிழை நடந்துவிடுகிறது. பிழையில் சிக்கிய மருத்துவரை அந்தச் சம்பவத்தின் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ எழுதினார்.

தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகளில் 1980களில் ஒரு முறை பரவியது: சம்பவத்தில் இருந்த எல்லோரையும் கூட்டி, நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒற்றை அமர்வில் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது மனக்காயத்தைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று தெரிந்தது. ஆகவே அந்தப் பணிகளிடமிருந்து வேகத்தை எடுத்துக்கொள்வோம், கட்டாயத்தை விட்டுவிடுவோம்.

அரை மணி நேரத்துக்குள்: மூத்த செவிலியரோ மருத்துவரோ குழுவைப் பக்கத்து அறைக்கு அழைத்து ஐந்து நிமிடம். எல்லோரும் சரியாக இருக்கிறார்களா, யாருக்குத் தண்ணீர் வேண்டும், அடுத்த நோயாளியை யார் பார்ப்பது. யார் தவறு என்ற பேச்சு அங்கே கூடாது. சம்பந்தப்பட்ட மருத்துவருக்கு அடுத்த ஒரு மணி நேரமாவது மாற்று ஆள் வேண்டும்.

24 மணி நேரத்துக்குள்: முன்கூட்டியே பயிற்சி பெற்ற சக மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி கையேடு சொல்வது மூன்று: பார், கேள், இணைத்துவிடு. "தூங்குனீங்களா? வீட்ல யாராவது இருக்காங்களா?" என்பதில் தொடங்கலாம். நடந்ததைச் சொல்ல வற்புறுத்தக்கூடாது.

ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள். நாட்காட்டியில் எழுதாவிட்டால் மறந்துபோகும். விசாரணையும் பத்திரிகைச் செய்தியும் அடங்கிய பிறகுதான் பலருக்குத் தூக்கம் கெடத் தொடங்குகிறது.

தாய் மரணத் தணிக்கைக் கூட்டம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தணிக்கை அவசியம், ஏன் இறந்தார் என்று தெரியாமல் அடுத்தவரைக் காப்பாற்ற முடியாது. ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் ஓர் இளம் மருத்துவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டால் அடுத்த முறை கேஸ் ஷீட் சுத்தமாக இருக்கும், உண்மை இருக்காது. சிக்கலான கர்ப்பிணிகளைத் தொடாமலே மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் பழக்கமும் வளரும். கூட்டத்துக்கு அவரோடு துறை மூத்தவர் ஒருவரும் போக வேண்டும். முதல் பதிலை மூத்தவர் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: வாசலில் நிற்கும் கூட்டம்

வீட்டுக்குப் போய் விசாரிக்கும் சமூகப் பணியாளர் ஆபத்தான இடத்துக்குத் தனியாகப் போக மாட்டார். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டே போவார். மரணச் செய்தி சொல்வதற்கும் அதே விதி: இரண்டு பேர், கதவுப் பக்கம் மருத்துவர், வெளியே விஷயம் தெரிந்த ஒரு காவலர்.

நம் பகுதியில் ஒரு நோயாளிக்குப் பின்னால் மினி வேனில் தெருவே வரும். எல்லோரிடமும் பேச முயன்றால் ஆளுக்கொரு செய்தி பரவும். சேர்க்கும்போதே கேளுங்கள்: "உங்க வீட்ல யார்கிட்ட பேசணும்ங்க?" பெரும்பாலும் ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பார். அவர் பெயரையும் எண்ணையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நிலைமை மோசமாகும் ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள். கடைசி நிமிடத்தில் திடீரென்று கேட்கும் செய்திதான் கல்லாகப் பறக்கிறது. மருத்துவப் பணியாளர்மீதான தாக்குதலைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் நகல் அவசரப் பிரிவுச் சுவரில் இருக்கட்டும். தாக்குதல் நடந்தால் புகாரை நிர்வாகம் கொடுக்க வேண்டும், அடிபட்ட மருத்துவரைக் காவல் நிலையத்துக்கு அலையவிடக்கூடாது.

ஆறாம் படி: தனியாக இருப்பவர்கள்

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பணியில் சேர்ந்த மருத்துவருக்குக் குழு கிடையாது. பள்ளிகளில் புதிய ஆசிரியருக்குப் பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியர் வழிகாட்டுவதுபோல், முதல் ஆறு மாதம் பக்கத்து நிலைய மருத்துவர் ஒருவரை இணைத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், 15 நிமிடப் போன். அறிக்கை, டார்கெட் பற்றிப் பேசக்கூடாது. ஜோடியை மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகம் எழுத்தில் அறிவிக்கட்டும்.

ஏழாம் படி: குழு போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, தானே தனக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொள்வது, குடி கூடுவது, எப்போதும் நிதானமானவர் செவிலியர்மேல் சீறுவது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்பதுபோன்ற பேச்சு. இவற்றில் கடைசி ஒன்று இருந்தால் அன்றே, தனியாக விடாமல், சிகிச்சை. மற்றவைக்கு அந்த வாரத்துக்குள். மருத்துவர்களுக்கு மருந்தும் அளவும் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் ஆபத்து அதிகம்.

டெல்டாவில் ஒரு நடைமுறைத் தடை உண்டு: தஞ்சாவூரில் எந்த மனநல மருத்துவரிடம் போனாலும் அவர் சீனியராகவோ ஜூனியராகவோ இருப்பார், வரவேற்பறையில் தன் நோயாளியே உட்கார்ந்திருப்பார். ஆகவே வெளி மாவட்டத்து மனநல மருத்துவர் இருவரிடம் முன்கூட்டியே பேசி, காணொளி வழியாகப் பார்க்க ஏற்பாடு செய்துவையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணை டூட்டி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து

செப்டம்பரில், மழைக்கு முன், அதே 19 கேள்விகளையும் நான்கு வாரப் பதிவேட்டையும் மறுபடி எடுங்கள். பொதுவான சோர்வு குறைந்து, வேலை பற்றிய சோர்வு அப்படியே இருந்தால் குழு வேலை செய்கிறது, ரோஸ்டர் வேலை செய்யவில்லை. நோயாளிகளோடு பழகும் பகுதி ஏறியிருந்தால் நான்காம், ஐந்தாம் படிகளில் ஓட்டை. டூட்டிக்குப் பிந்தைய போன்கள் குறையாவிட்டால் ஐந்து வரி முறையை யாரும் பின்பற்றவில்லை.

எல்லாம் செய்தும் தொடர் பணி நேரம் குறையவில்லை என்றால் காரணம் காலிப் பணியிடம். அப்போது காலியிடம் எத்தனை, ஒருவரின் அதிகபட்சத் தொடர் பணி நேரம், பறிபோன ஓய்வு நாட்கள், சோர்வுச் சராசரி என்ற நான்கு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதி இணை இயக்குநருக்கு அனுப்புங்கள்; கல்லூரி என்றால் முதல்வருக்கு. நகலை மருத்துவர் சங்கக் கிளைக்கும் கொடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மார்ச்சில் புதிய எண்களோடு மறுபடி அனுப்புங்கள்.